62 நிமிட சார்ட்: 99417 போட்டாலும் எரர், போடாவிட்டாலும் எரர். எது சரி?

மீனா_பெருங்குடி

எல்லோருக்கும் வணக்கம். நான் நர்சிங் முடித்துவிட்டு இரண்டு வருடமாக அமெரிக்க கிளினிக்குகளுக்கு இ அண்ட் எம் கோடிங் (டாக்டர் விசிட்டின் நோட்டைப் படித்து பில்லுக்கான கோடு எண் கொடுப்பது) பார்க்கிறேன். ஒரு விஷயத்தில் உண்மையிலேயே குழம்பிப் போயிருக்கிறேன், கொஞ்சம் உதவுங்கள்.

போன வாரம் ஒரு சார்ட். பழைய பேஷண்ட், டாக்டர் நோட்டின் அடியில் "இன்று இந்த நோயாளிக்காக நான் செலவிட்ட மொத்த நேரம் 62 நிமிடம்" என்று எழுதியிருந்தார். நான் 99215 (பழைய பேஷண்ட் விசிட்டின் உச்ச லெவல் கோடு) மட்டும் கொடுத்தேன். ஆடிட்டில் "கூடுதல் நேரத்துக்கான 99417 விட்டுப் போயிற்று" என்று எரர் வந்தது. சரி, கற்றுக்கொண்டோம் என்று நினைத்தேன்.

நேற்று வேறொரு சார்ட். 78 வயது அம்மா, இதய செயலிழப்பு, சர்க்கரை, சிறுநீரகமும் சரியில்லை. கூட மகள் வந்திருக்கிறார். இதிலும் அதே 62 நிமிடம். இந்த முறை 99215-உம் 99417 ஒரு யூனிட்டும் போட்டேன். "99417 தவறு, நீக்கவும்" என்று மறுபடி எரர். ஆடிட் செய்தவரும் அதே ஆள்தான்.

அதே நிமிடம், அதே விசிட் கோடு, இரண்டு பதில். நாளை மதியத்துக்குள் ரிபட்டல் (எரருக்கு மறுப்பு) போட வேண்டும். இந்த மாதம் என் குவாலிட்டி மதிப்பெண் ஏற்கெனவே 95-ஐ ஒட்டி நிற்கிறது. நான் எங்கே தவறுகிறேன்?

கோவை_ஆடிட்டர்

மீனா, இரண்டு சார்ட்டிலும் பேயர், அதாவது பணம் கட்டும் காப்பீடு, யார் என்று முதலில் சொல்லுங்கள்.

மீனா_பெருங்குடி

முதலாவது கமர்ஷியல் இன்சூரன்ஸ் சார். இரண்டாவது மெடிகேர், முதியோருக்கான அரசுக் காப்பீடு.

கோவை_ஆடிட்டர்

அப்படியானால் உங்கள் ஆடிட்டர் இரண்டு முறையும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஏன் என்று எழுதாமல் விட்டது மட்டும்தான் அவர் குறை. நானும் ஆடிட் பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன், ஒரு வரி காரணம் எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

நீண்ட விசிட்டுக்கு இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ஒன்று கோடுகளுக்கான சிபிடி புத்தகத்தின் கடிகாரம், மற்றது மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ் என்ற அரசு அமைப்பின் கடிகாரம்.

சிபிடி கணக்கில் 99215-க்கு 40 நிமிடம் போதும். அதற்கு மேல் முழுதாக 15 நிமிடம் சேர்ந்தால், அதாவது 55-ஐத் தொட்டால், 99417 ஒரு யூனிட். 70-இல் இரண்டு, 85-இல் மூன்று. புதிய பேஷண்ட் என்றால் 99205-க்கு 60 நிமிடம். எனவே 75-இல் ஒன்று, 90-இல் இரண்டு. உங்கள் 62 நிமிடம் 55-ஐத் தாண்டிவிட்டது, 70-ஐத் தொடவில்லை. ஆக கமர்ஷியல் சார்ட்டில் ஒரு யூனிட்.

மெடிகேர் 99417-ஐ ஏற்பதே இல்லை. அதற்குப் பதில் ஜி2212 என்று தனிக் கோடு வைத்திருக்கிறது. அது 99215-க்கு 69 நிமிடத்தில்தான் தொடங்கும், 99205-க்கு 89 நிமிடத்தில். உங்கள் 62 நிமிடம் 69-ஐத் தொடவில்லை. ஆக 99215 மட்டும். கோடும் வேறு, எல்லையும் வேறு. 99417-ஐ எடுத்துவிட்டு ஜி2212 போட்டிருந்தாலும் அது எரர்தான்.

ரிபட்டல் போடாதீர்கள். போட்டால் தோற்பீர்கள்.

மீனா_பெருங்குடி

இப்போது புரிகிறது சார். ஆனால் 55 எப்படி 69 ஆயிற்று? இரண்டுமே "15 நிமிடம் கூடுதல்" என்றுதானே சொல்கின்றன?

பழைய_கோடர்

இதை நான் சொல்கிறேன் மீனா. 2021-க்கு முன்பிருந்தே இந்தக் கோடுகளோடு மல்லுக்கட்டியவள் நான்.

2021 ஜனவரியில் ஆபீஸ் விசிட் விதிகளை அடியோடு மாற்றினார்கள். 99201-ஐ நீக்கினார்கள். ஹிஸ்டரி இத்தனை பாயிண்ட், எக்ஸாம் இத்தனை பாயிண்ட் என்று எண்ணுவது போயிற்று. எம்டிஎம் (டாக்டர் எடுக்கும் மருத்துவ முடிவின் சிக்கல்) அல்லது அன்றைய மொத்த நேரம், இரண்டில் ஒன்றை வைத்து லெவல் எடுக்கலாம் என்று வந்தது. அப்போது நேரத்தை வரம்பாகக் கொடுத்திருந்தார்கள்: 99215-க்கு 40 முதல் 54 வரை, 99205-க்கு 60 முதல் 74 வரை.

கூடுதல் 15 நிமிடத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் இருவரும் பிரிந்தார்கள். சிபிடி கீழ் வரம்பிலிருந்து எண்ணியது: 40-உம் 15-உம் 55. சிஎம்எஸ் மேல் வரம்பிலிருந்து எண்ணியது: 54-உம் 15-உம் 69. அதே போல் 74-உம் 15-உம் 89. 54-ஆவது நிமிடம் வரை 99215-இன் விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது, அந்த நிமிடங்களுக்கே மறுபடி பணம் தர முடியாது என்பது அவர்கள் வாதம். அதற்காகவே ஜி2212-ஐ உருவாக்கினார்கள்.

2024-இல் சிபிடி அந்த மேல் வரம்பையே எடுத்துவிட்டது. இப்போது புத்தகத்தில் "40 நிமிடம் அல்லது அதற்கு மேல்" என்று மட்டும்தான் இருக்கும். 54 எங்கேயும் இல்லை. ஆனால் சிஎம்எஸ் 69, 89 என்ற எல்லைகளை நகர்த்தவில்லை. அதனால்தான் புதிதாக வருகிறவர்களுக்கு 69 எங்கிருந்து வந்தது என்றே புரிவதில்லை. புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது, ஏனென்றால் அதன் அஸ்திவாரம் பழைய புத்தகத்தில் இருக்கிறது.

மீனா_பெருங்குடி

அக்கா, மிக்க நன்றி. இவ்வளவு தெளிவாக எங்கள் டிரெயினிங்கில்கூடச் சொல்லவில்லை.

ஆனால் மனசுக்கு ஒப்பவில்லை. அந்த 78 வயது அம்மாவின் நோட்டை நான் முழுதாகப் படித்தேன். டாக்டர் மருந்துப் பட்டியலைப் பிரித்து மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார், சிறுநீரக டாக்டரிடம் பேசியிருக்கிறார். 62 நிமிடம் உழைத்திருக்கிறார். 40 நிமிடத்தில் முடித்தவருக்கும் அதே பணம்தானா?

பழைய_கோடர்

ஆமாம். மெடிகேரில் 40-உம் ஒன்று, 68-உம் ஒன்று.

2021-க்கு முன்னால் இருந்ததையும் கேள். அப்போது 99354 இருந்தது. முதல் ஒரு மணி நேரக் கூடுதலுக்கான கோடு, ஆனால் 30 நிமிடம் தாண்டினாலே போடலாம். எந்த லெவலோடும் சேர்க்கலாம். 99213-க்கு வழக்கமான நேரம் 15 நிமிடம் என்று வைத்திருந்தார்கள், எனவே 45 நிமிடம் ஆனால் 99213-உம் 99354-உம். இப்போது அப்படி முடியாது. நேரத்தை வைத்து உச்ச லெவலுக்குப் போன பிறகுதான் கூடுதல் கோடு. எம்டிஎம்மை வைத்து 99215 எடுத்துவிட்டு, மேலே 99417 ஒட்டுவதும் கூடாது.

ஆனால் அந்தக் காலத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்த நிமிடம் மட்டும்தான் கணக்கு. பேஷண்ட் கிளம்பிய பிறகு டாக்டர் உட்கார்ந்து நோட் எழுதினால், பழைய ரெக்கார்டு படித்தால், எதுவும் சேராது. இப்போது அதே தேதியில் செய்தால் எல்லாம் சேரும். அந்த 99354 முதல் 99357 வரை நான்கையும் 2023-இல் நீக்கிவிட்டார்கள்.

ஓஹையோ_டாக்டர்

இந்த விவாதத்தைத் தற்செயலாகப் பார்த்தேன். நான் ஓஹையோவில் முதியோர் மருத்துவம் பார்க்கிறேன். மீனா, என் போன்றவர்களின் நோட்டை இவ்வளவு அக்கறையாக ஒருவர் படிக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

டாக்டர் பக்கத்திலிருந்து சில விஷயங்களைச் சொல்கிறேன். என் பேஷண்டுகள் பெரும்பாலும் மெடிகேர். ஒருவருக்கு பன்னிரண்டு, பதினைந்து மருந்து இருக்கும். மறதி நோய் தொடங்கியிருக்கும். காது சரியாகக் கேட்காது. அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க எடுக்கும் நேரம் 40 வயதுக்காரரிடம் ஆகாது. மகனோ மகளோ அறைக்கு வெளியே நின்று "அவருக்கு முன்னால் சொல்ல முடியாது டாக்டர்" என்று தனியாக ஒரு பத்து நிமிடம் பேசுவார்கள். பல சமயம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நோயே தெரியவரும்.

பணக் கணக்கையும் சொல்கிறேன். 99215-க்கு ஒரு லெவல் கீழே உள்ள 99214-க்கு ஒர்க் ஆர்வியு, அதாவது டாக்டர் உழைப்புக்கான மதிப்புப் புள்ளி, 1.92. 99215-க்கு 2.8. ஜி2212 ஒரு யூனிட்டுக்கு 0.61. நான் தலா 30 நிமிடத்தில் இரண்டு பேரைப் பார்த்து 99214 போட்டால் ஒரு மணி நேரத்தில் 3.84. ஒரே முதியவரோடு 68 நிமிடம் உட்கார்ந்தால் 2.8. இன்னும் ஒரு நிமிடம் சேர்ந்து 69 ஆனால் 3.41. அப்போதும் அந்த இரண்டு பேருக்குக் கீழேதான். என்னுடன் படித்தவர்கள் பலர் இந்தத் துறைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் இந்த எண்களைத்தான் காட்டுவேன்.

இன்னொன்று. புதிய பேஷண்ட் வருகிறார் என்றால் அவருடைய ஆஸ்பத்திரி ரெக்கார்டுகளை முந்தின நாள் ராத்திரியே படித்துவிடுவேன். காலையில் அவ்வளவு நேரம் கிடைக்காது. அதற்கு ஆகும் 40 நிமிடம் கணக்கில் வராது, தேதி வேறு. மறுநாள் மகளை போனில் கூப்பிட்டு ரிசல்ட் சொன்னாலும் வராது.

கோவை_ஆடிட்டர்

டாக்டர் மேடம், நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. தேதி மாறினால் 99417-உம் சேராது, ஜி2212-உம் சேராது. வேறு தேதியில் செய்யும் வேலைக்கு 99358, 99359 என்று சிபிடியில் இன்னும் இருக்கின்றன, ஆனால் மெடிகேர் 2023-லிருந்து அவற்றுக்குப் பணம் கொடுப்பதில்லை. கமர்ஷியலில் பாலிசியைப் பார்த்துத்தான் போட வேண்டும்.

ஒரு வழி உண்டு. வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் விசிட்டுக்கு மெடிகேரில் ஜி0318. அதில் விசிட்டுக்கு மூன்று நாள் முன்பிருந்து ஏழு நாள் பின்பு வரை செய்த வேலையைச் சேர்க்கலாம். எல்லை உயரம்தான், 99350-க்கு 110 நிமிடம். மறதி நோய்க்கான முழு மதிப்பீட்டுக் கோடான 99483-க்கும் ஜி2212 சேர்க்கும்போது அதே மூன்று நாள், ஏழு நாள் கணக்குதான். நீங்கள் செய்யும் வேலைக்கு 99483 பொருந்துகிறதா என்று உங்கள் பில்லிங் ஆட்களிடம் அவசியம் கேளுங்கள்.

ஓஹையோ_டாக்டர்

99483 எப்போதாவது போடுகிறோம். அதற்கு ஜி2212 சேர்க்கலாம் என்பதும், முந்தின நாள் படித்தது அதில் சேரும் என்பதும் எனக்குத் தெரியாது. நாளையே கேட்கிறேன். மிக்க நன்றி.

எடிசன்_வாசி

நான் மருத்துவத் துறை இல்லை, ஐடி. நியூஜெர்சியில் இருக்கிறேன். மன்னிக்கவும், நான் இதே விஷயத்தில் எதிர்ப் பக்கத்திலிருந்து கேட்கிறேன்.

என் மனைவிக்கு ஆறு மாதமாக மூட்டு வலி, காய்ச்சல், என்ன நோய் என்றே தெரியாமல் அலைந்தோம். ஒரு ஸ்பெஷலிஸ்டிடம் இரண்டாவது முறை போனோம். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து இஓபி (எதற்கு எவ்வளவு என்ற விவரத் தாள்) வந்தது. 99215 என்று ஒரு வரி, அதற்குக் கீழே 99417 என்று இன்னொரு வரி. எங்களுக்கு டிடக்டிபிள் (காப்பீடு தரத் தொடங்கும் முன் நாங்களே கட்ட வேண்டிய தொகை) இன்னும் முடியவில்லை, இரண்டும் எங்கள் கையிலிருந்துதான். டாக்டர் அறையில் இருந்தது அதிகம் போனால் 35 நிமிடம். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். 55 நிமிடம் எங்கிருந்து வந்தது? இது ஏமாற்று இல்லையா?

திருச்சி_நர்ஸ்

அண்ணா, கோபப்பட உங்களுக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் ஏமாற்று என்று இப்போதே சொல்ல முடியாது.

நீங்கள் பார்த்தது அறைக்குள் இருந்த நேரம். கணக்கில் வருவது அன்றைய தேதியில் அந்த டாக்டர் உங்கள் மனைவிக்காகச் செய்த எல்லாம். உள்ளே வரும் முன் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் மற்ற டாக்டர்களின் நோட்டுகளையும் படித்தது, பரிசோதித்தது, உங்களிடம் விளக்கியது, மருந்தும் டெஸ்டும் எழுதியது, வேறு டாக்டரிடம் பேசியது, நீங்கள் கிளம்பிய பிறகு நோட் எழுதியது. ஆறு மாதம் நோய் பிடிபடாமல் அலைந்த ஒருவரின் ரெக்கார்டைப் படிக்கவே 15 நிமிடம் ஆகலாம்.

ஆனால் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. நர்ஸோ மெடிக்கல் அசிஸ்டெண்டோ பிபி பார்த்து, மருந்துப் பட்டியல் கேட்டு எழுதிய நேரம் சேராது. டாக்டரின் பயண நேரம் சேராது. தனியாக பில் போட்ட வேலையின் நேரம் சேராது. மூட்டில் ஊசி போட்டு அதற்கு 20610 என்று தனி வரி இருந்தால், ஊசி போட்ட நிமிடங்களைக் கழித்துவிட்டுத்தான் மீதியைச் சொல்ல வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. பேஷண்ட் போர்ட்டலில் அன்றைய விசிட் நோட்டைத் திறந்து மொத்த நேரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரெக்கார்டு வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள், ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் சட்டப்படி 30 நாளுக்குள் தர வேண்டும். அதோடு வரி வரியாக விவரம் போட்ட பில்லும் கேளுங்கள். நோட்டில் நிமிடமே இல்லையென்றால் அந்த 99417 நிற்காது. பில்லிங் ஆபீஸிடம் தைரியமாகக் கேட்கலாம்.

பழைய_கோடர்

திருச்சித் தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. ஒன்று சேர்க்கிறேன். நேரம் என்பது தினமும் எங்கள் கண்ணில் படுகிற வரி. எழுதாத நிமிடத்தை நாங்கள் சேர்ப்பதில்லை. டாக்டர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாரே, ஒரு மணி நேரம் ஆகியிருக்குமே என்று ஊகித்துப் போட எங்களுக்கு உரிமை இல்லை.

மீனா_பெருங்குடி

அப்புறம் ஒரு சந்தேகம். எங்கள் கிளையண்டில் ஒரு டாக்டர் எப்போதும் "55 நிமிடத்துக்கும் மேல் செலவிட்டேன்" என்றுதான் எழுதுவார். கமர்ஷியலுக்கு 55 போதும் என்பதால் ஒரு யூனிட் கொடுக்கிறோம். மெடிகேர் பேஷண்டுக்கும் அதையே எழுதுகிறார். "மேல்" என்பது 56-ஆ, 75-ஆ, எனக்கு எப்படித் தெரியும்?

கோவை_ஆடிட்டர்

தெரியாது. தெரியாததால் மெடிகேரில் 99215 மட்டும். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

திருச்சி_நர்ஸ்

சார், கொஞ்சம் மாறுபடுகிறேன். 99215 போட்டு அனுப்பிவிட்டால் அந்த டாக்டர் வாழ்நாள் முழுக்க "55-க்கும் மேல்" என்றே எழுதிக்கொண்டிருப்பார். டாக்டரிடம் விளக்கம் கேட்டு குவெரி அனுப்ப வேண்டாமா?

கோவை_ஆடிட்டர்

அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். ஆனால் எப்படி என்பது முக்கியம். "69 நிமிடம் ஆயிற்றா?" என்று கேட்டால் அது பதிலை ஊட்டிவிடுவது. டாக்டர் ஆமாம் என்பார், பத்து நாள் கழித்து நோட்டில் ஒரு அடெண்டம் (பின்சேர்க்கை) வரும். நாளை பேயர் ஆடிட் வந்தால் அந்த அடெண்டத்தின் தேதியைத்தான் முதலில் பார்ப்பார்கள். "மொத்த நேரம் தெளிவாக இல்லை, விளக்கவும்" என்று மட்டும் கேளுங்கள். பழைய சார்ட்டுகளை அப்படியே விட்டுவிட்டு, இனி வரும் நோட்டுகளில் சரியான எண்ணை எழுதச் சொல்லி கிளையண்ட் வழியாகத் தகவல் சொல்வது இன்னும் நல்லது.

நான் கடுமையாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். பார்த்த அனுபவம் அப்படி. ஒரு முறை ஒரு டாக்டரின் ஒரு நாள் சார்ட் முழுவதும் எனக்கு வந்தது. 22 பேஷண்ட். எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியம், தலா 60 நிமிடம். கூட்டிப் பார்த்தால் 22 மணி நேரம். டெம்ப்ளேட்டில் அந்த வரி உட்கார்ந்துவிட்டது, அவர் கவனிக்கவே இல்லை. கோடர்கள் தனித்தனியாக ஒவ்வொரு சார்ட்டாகப் பார்த்ததால் யாருக்கும் தெரியவில்லை. மெடிகேரில் இப்படிப் போனால் ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் சட்டத்தில் நஷ்டத்தைப் போல் மூன்று மடங்கு வரை கட்ட வேண்டி வரும். அந்த டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனால் அதை யார் நம்புவார்கள்?

அதே போல் கம்ப்யூட்டரில் சார்ட் எத்தனை நிமிடம் திறந்திருந்தது என்று இஎச்ஆர் (மின்னணு ரெக்கார்டு மென்பொருள்) காட்டும் கணக்கையும் எடுக்காதீர்கள். டாக்டர் சார்ட்டைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார்.

ஓஹையோ_டாக்டர்

இதைப் படித்துவிட்டு என் டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தேன். நிமிடம் போட வேண்டிய இடம் காலியாகத்தான் இருக்கிறது, நல்லவேளை. இனி நான் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளப் போகிறேன். "ரெக்கார்டு படித்தது 14, பேஷண்டோடும் மகளோடும் 41, போனில் 6, நோட் எழுதியது 10, மொத்தம் 71" என்று. இப்படிப் பிரித்து எழுதுவது கட்டாயமா?

கோவை_ஆடிட்டர்

கட்டாயம் இல்லை டாக்டர். தொடங்கிய நேரம், முடித்த நேரம்கூட வேண்டாம், மொத்த நேரமும் என்ன செய்தீர்கள் என்பதும் போதும். ஆனால் நீங்கள் எழுதியது போல் இருந்தால் நான் ஆடிட்டில் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். தனியாக பில் ஆகும் வேலை ஏதாவது அன்று செய்திருந்தால் "அதன் நேரம் இதில் சேரவில்லை" என்று ஒரு வரி மட்டும் சேருங்கள். ஈசிஜி படித்தது, ஊசி போட்டது, எதிர்காலச் சிகிச்சை விருப்பம் பற்றிப் பேசி 99497 போட்டது, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

புதுசு_சிபிசி

வணக்கம் அண்ணா, அக்கா. பி.ஃபார்ம் முடித்துவிட்டு சிபிசி என்ற கோடர் தேர்வுக்குப் படிக்கிறேன். எங்கள் கோச்சிங்கில் ஜி2211 என்று சொன்னார்கள், நீங்கள் ஜி2212 என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

பழைய_கோடர்

இல்லை தம்பி. இதில் பல வருட அனுபவம் உள்ளவர்களே சறுக்குகிறார்கள்.

ஜி2211 நேரத்தைப் பற்றியது அல்ல. ஒரு டாக்டர் ஒரு பேஷண்டைத் தொடர்ந்து பொறுப்பெடுத்துப் பார்த்துவருகிறார், அந்த உறவினால் வரும் சிக்கலுக்கான கூடுதல் கோடு அது. 2024 ஜனவரியிலிருந்து மெடிகேர் பணம் கொடுக்கிறது. 99213 போன்ற கீழ் லெவலோடும் வரும், பத்து நிமிட விசிட்டிலும் வரலாம். ஜி2212 முழுக்க முழுக்க நிமிடம். கடைசி எண் ஒன்று மாறினால் பொருளே மாறிவிடும். டைப் செய்யும்போது கவனம்.

இன்னொன்றும் குறித்து வை. மனநல டாக்டர் விசிட்டோடு சைகோதெரபியும் செய்து 90833, 90836, 90838 இவற்றில் ஒன்று போட்டால், அந்த விசிட்டின் லெவலை எம்டிஎம்மை வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் அதோடு 99417 வராது. எவ்வளவு நீண்ட விசிட்டாக இருந்தாலும் வராது.

திருச்சி_நர்ஸ்

தம்பிக்கு இன்னொரு விஷயம். டாக்டரோடு ரெசிடெண்ட் (பயிற்சி டாக்டர்) இருக்கும் டீச்சிங் கிளினிக்குகளில் ரெசிடெண்ட் தனியாகப் பேஷண்டோடு இருந்த நேரத்தைச் சேர்க்காதே. மூத்த டாக்டர் தானே செலவிட்ட நேரம் மட்டும். நோட்டில் இருவர் எழுத்தும் கலந்திருக்கும், யார் நிமிடம் யாருடையது என்று பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எடிசன்_வாசி

மறுபடி வந்திருக்கிறேன். போர்ட்டலில் நோட்டைத் திறந்து படித்தேன். அடியில் மொத்த நேரம் 58 நிமிடம் என்று இருக்கிறது. அதற்கு மேல் அவர் என்னென்ன படித்தார் என்றும் எழுதியிருக்கிறார். நான்கு மாதம் முன்பு வேறொரு கிளினிக்கில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஒரு எண்ணை யாரும் கவனிக்கவில்லை, இவர்தான் பிடித்திருக்கிறார். அதை வைத்துத்தான் புது மருந்து தொடங்கினார். அன்று அறையில் அவர் அதைச் சொன்னதும் இப்போது நினைவுக்கு வருகிறது, அப்போது அதன் அருமை எங்களுக்குத் தெரியவில்லை.

பில்லைக் கட்டிவிடுகிறேன். ஏமாற்று என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். "கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டால் தனியாகக் கட்டணம் வரும்" என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் இந்த இரண்டு வார மனக்கசப்பு இருந்திருக்காது.

ஓஹையோ_டாக்டர்

நீங்கள் சொல்வது நியாயம். நாங்கள் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். என் பேஷண்டுகளில் துணைக் காப்பீடு இல்லாதவர்கள் மெடிகேர் பார்ட் பி-யில் 20 சதவீதம் தாங்களே கட்டுகிறார்கள். ஜி2212 போட்டால் அதிலும் 20 சதவீதம் அவர்கள் தலையில்தான். ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அந்தத் தொகை சிறியதல்ல. உங்கள் மனைவி நலமடைய என் வாழ்த்துகள்.

மீனா_பெருங்குடி

எல்லோருக்கும் நன்றி. ரிபட்டல் போடவில்லை. அதற்குப் பதிலாக இன்று டீம் லீடிடம் போய், எரர் ஷீட்டில் பேயர் பெயரையும் எந்த எல்லையை வைத்துப் பார்த்தார்கள் என்பதையும் ஆடிட்டர் ஒரு வரி எழுத வேண்டும் என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். பழைய மூன்று மாத மெடிகேர் சார்ட்டுகளில் 99417 போய் டினையல் ஆனவற்றை எடுத்துப் பார்த்தோம். 69-க்கு மேல் நிமிடம் எழுதியிருந்தும் தவறான கோடினால் பணம் வராமல் நின்றவை ஏழு. அவற்றை ஜி2212 ஆகத் திருத்தி அனுப்பப் போகிறோம். டாக்டர் உழைத்த நிமிடம், எழுதியும் இருக்கிறார், எங்கள் பக்கத்தில் தொலைந்திருக்கிறது. இதுவாவது சரியானது.

அந்த 78 வயது அம்மாவின் சார்ட் 99215-ஆகவே போயிற்று.

புதுசு_சிபிசி

அக்கா, எனக்குப் பயிற்சிக்கு ஒரு கணக்கு. மெடிகேர், புதிய பேஷண்ட், நேரத்தை வைத்து 99205, மொத்தம் 103 நிமிடம். ஜி2212 எத்தனை யூனிட்?

மீனா_பெருங்குடி

89-இல் ஒன்று, 104-இல்தான் இரண்டாவது. 103-க்கு ஒன்று தம்பி.